61 கையெழுத்துகள்

2011 அக்டோபரில் எங்கள் தெருவுக்காக நான் ஒரு கடிதம் எழுதினேன். அப்போது எனக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கோடு போடாத வெள்ளைத் தாளில் கோணாமல் எழுதுகிறவன் தெருவில் நான் ஒருத்தன்தான். அதனால் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கடிதங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். பஸ் கேட்டு, தெருவிளக்கு கேட்டு, ரேஷன் கடைக்கு இன்னொரு நாள் கேட்டு என்று நிறைய எழுதியிருக்கிறேன். அந்த மாதம் வந்த வேலை வேறு மாதிரி. மேயர் தேர்தலில் நிற்கும் ஒருவரை எங்கள் தெரு ஆதரிக்கிறது என்று எழுத வேண்டும். கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தத் தெருவில் எங்கள் வீடு இன்னும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களில் பலர் இன்றைக்கும் காலையில் பால் வாங்கப் போகும்போது எதிரே வருகிறார்கள். அந்த வருடம் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்த 10 மாநகராட்சிகளில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் பல மாநகராட்சிகளின் எல்லை விரிந்தது. சென்னை 155 வார்டிலிருந்து 200 ஆனது. மதுரையும் கோவையும் 72இலிருந்து 100. சுற்றியிருந்த நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் உள்ளே வந்தன. எங்கள் பகுதியும் அப்படித்தான் ஊராட்சியாகப் படுத்து மாநகராட்சியாக எழுந்தது. வீட்டு வரி ஏறும் என்பது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மழை பெய்தால் தெருவின் கீழ்க்கோடியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நிரம்பிய செப்டிக் டேங்குகள் அதில் கலக்கும். அந்தத் தண்ணீரில் நடந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

அப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் செயலாளர். எதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

*

வேட்பாளர் சுயேச்சை. குடிநீர், வடிகால் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். சின்னம் பூட்டு சாவி. ஒரு பழைய ஸ்கூட்டரில், சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார். கூட ஒரே ஒரு ஆள். பிள்ளையார் கோயில் படிக்கட்டில்தான் கூட்டம். மைக் இல்லை.

"ஓட்டு கேக்கிறதுக்கு முன்னாடி உங்க தெருவைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன்" என்று வரைபடத்தை விரித்தார். நாங்கள் குடியிருக்கும் மனைப்பிரிவின் கீழ்ப்பக்கம் ஒரு காலத்தில் குளத்துக்குத் தண்ணீர் போன வாய்க்கால். மனை போட்டவர்கள் அதைச் சுருக்கிவிட்டார்கள். வீடு கட்டியவர்கள் மிச்சத்தையும் சுருக்கிவிட்டார்கள். "தண்ணி உங்க வீட்டுக்கு வரலீங்க. அது எப்பவும் போற வழியிலதான் போகுது. நீங்கதான் அதோட வழியில வந்து உக்காந்திருக்கீங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நான் ஜெயிச்சா மொத வருஷமே வடிகால் போட முடியும். ஆனா கீழ்வரிசையில நாலு வீட்டு காம்பவுண்டுச் சுவரை ரெண்டடி உள்ள தள்ளிக் கட்டணும். அதை இப்பவே சொல்லிடறேன். அப்புறமா சொன்னா ஏமாத்தின மாதிரி ஆயிடும்."

அந்த நாலு வீடுகளில் ஒன்று எங்களுடையது. இன்னொன்று பக்கத்து வீட்டு வாத்தியாருடையது.

ஓட்டு கேட்டு வந்தவர் எங்கள் சுவரை இடிப்பேன் என்று சொன்னதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு அதுதான் பிடித்துப்போனது. அன்று ராத்திரியே கடிதம் எழுதச் சொன்னார்.

*

வேட்புமனுவில் முன்மொழிபவர் என்று ஒரு கட்டம் உண்டு. வாக்காளர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் கேட்கும் கையெழுத்து அது. எங்கள் கடிதத்தைச் சட்டமும் கேட்கவில்லை, வேட்பாளரும் கேட்கவில்லை. நாங்களாகப் போய்ப் போட்ட கையெழுத்து. அப்படிப் போட்டதற்குத்தான் கனம் அதிகம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் வரைவில், "இவருக்கே வாக்களிப்போம் என்று உறுதி கூறுகிறோம்" என்று எழுதியிருந்தேன். முதலில் வாத்தியாரிடம் கொண்டுபோனோம். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் எங்கள் வீட்டுப் பேப்பரை அப்பா படித்து முடித்ததும் சுவர் மேலே வைப்பார், அவர் எடுத்துக்கொள்வார். சாயங்காலம் அவர் வீட்டு வாரப் பத்திரிகை அதே சுவர் வழியாக இந்தப் பக்கம் வரும். கடிதத்தைப் படித்தவர் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார்.

"ஓட்டைப் பத்தி எழுதாதே தம்பி. ஆதரிக்கிறோம்னு மட்டும் எழுது. கையெழுத்து ஊருக்குத் தெரிய. ஓட்டு ஊருக்குத் தெரியாம. ரெண்டையும் ஒரே தாள்ல போடக்கூடாது."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வாத்தியார்தான் முதல் கையெழுத்தைப் போட்டார்.

இரண்டு நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போனோம். காப்பி குடித்துக் குடித்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. வாசலில் கட்சிக்கொடி பறக்கும் வீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தோம். அந்த வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டு, "என்ன செயலாளரே, நம்மள ஒதுக்கிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாடி வீட்டில் குடியிருந்த அக்கா, "வாடகைக்கு இருக்கறவங்க கையெழுத்து செல்லாதோ?" என்று கேட்டார். சங்கத்தின் பெயரில் குடியிருப்போர் என்று இருந்தாலும் உறுப்பினர்கள் எல்லோரும் வீட்டுச் சொந்தக்காரர்கள்தான். அதற்கு முன் எனக்கு அது உறைத்ததில்லை. அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டுத் தாளை நீட்டினார். அக்கா போட்டார். அவரைப் பார்த்து இன்னும் ஏழெட்டு வாடகைக்காரர்களும் போட்டார்கள்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அண்ணன் மட்டும் போடவில்லை. பெட்டியில் கரி போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, உங்க வீடெல்லாம் பட்டா போட்ட இடத்துல நிக்குது. என் வண்டி ரோட்டுல நிக்குது. நாளைக்கு எவன் வந்தாலும் நான் கும்பிடு போட்டாத்தான் வண்டி இங்க நிக்கும். என் பேரு எந்தத் தாள்லயும் வேண்டாம்."

அப்பா வற்புறுத்தவில்லை. ஆனால் வரும் வழியில், "பயந்தாங்கொள்ளி" என்றார்.

கடைசியில் எங்கள் வீடு. அப்பாவும் நானும் போட்டோம். அம்மா போட மாட்டேன் என்றாள். வங்கியில் இருந்தபோது அப்பா கூட வேலை பார்த்த ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்த ஆள் கட்டாமல் போய், மூன்று வருடம் அப்பா சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்கு அந்த மூன்று வருடமும் தீபாவளிக்குச் சட்டைத்துணி மட்டும்தான், கால்சட்டை பழசு. அம்மா அதை எதற்கும் சொல்லிக்காட்டாதவள். அன்றைக்குச் சொன்னாள்: "இன்னொருத்தருக்கு ஜாமீன் போட்டது போதும். என் ஓட்டு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

மொத்தம் 61 கையெழுத்துகள். ஜெராக்ஸ் எடுத்து அடுத்த தெருக்களிலும் கொடுத்தார்கள்.

நாலு நாள் கழித்து ஒரு காரில் மூன்று பேர் வந்தார்கள். வேறொரு வேட்பாளரின் ஆட்கள். மிரட்டவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். போகும்போது ஒருவர், "சார், பேரெல்லாம் பாத்தோம். எழுத்து ரொம்ப நல்லா இருக்கு. யாரு, தம்பியா?" என்று என் தோளில் தட்டினார். அவ்வளவுதான். அம்மா அன்றைக்கு வாசல் கதவைச் சீக்கிரமே சாத்திவிட்டாள்.

*

வாக்குச்சாவடி, நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அறை. என் முதல் ஓட்டு. இரண்டு இயந்திரங்கள், ஒன்று மேயருக்கு, ஒன்று வார்டு உறுப்பினருக்கு. அந்தத் தேர்தலில் பெரிய கட்சிகள் பலவும் தனித்தனியாக நின்றதால் பட்டியல் நீளமாக இருந்தது. பூட்டு சாவி கீழே எங்கேயோ இருந்தது.

கண்டுபிடித்துவிட்டேன். விரலும் அதன் பக்கத்தில்தான் இருந்தது. அப்போதுதான் ஒரு நினைப்பு வந்தது. இவர் எப்படியும் ஜெயிக்கப்போவதில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் ஆட்சி மாறியிருந்தது. யார் ஜெயிப்பார்கள் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். முதல் ஓட்டு, அது வீணாகப் போக வேண்டுமா? கல்லூரியில் நண்பர்கள் எல்லோரும் முடிவு வந்ததும் "நான் போட்டது ஜெயிச்சுது" என்பார்கள். நான் மட்டும்?

மேலே இருந்த பொத்தானை அழுத்தினேன். பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது. வெளியே வந்து அப்பாவிடம் மை விரலைக் காட்டினேன். அவர் என் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் பணம் கொடுக்கவில்லை. எனக்கு வண்டி கிடையாது, கடை கிடையாது, இழக்க ஒன்றும் கிடையாது. சுவரைப் பற்றிக்கூட நான் யோசிக்கவில்லை. ஜெயிக்கிற பக்கம் நிற்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 21 அன்று எண்ணினார்கள். 10 மேயர் பதவிகளையும் அ.தி.மு.க.வே பிடித்தது. நான் போட்ட ஓட்டு ஜெயித்தது. கல்லூரியில் அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

*

மூன்றாம் நாள் பொறியாளர் அதே ஸ்கூட்டரில் நன்றி சொல்ல வந்தார். சாவடி வாரியாக எண்ணிக்கையைக் குறித்து வைத்திருந்தார். எங்கள் சாவடியில் அவருக்கு விழுந்தது 34. அந்தச் சாவடியில் எங்கள் தெருவோடு இன்னும் இரண்டு தெருக்கள் உண்டு.

"61 பேர் போட்டீங்க" என்று சிரித்தார். "பரவால்ல சார். கையெழுத்துப் போடவும் ஒரு தைரியம் வேணும். ஓட்டுப் போட வேற தைரியம் வேணும்." காப்பி குடித்தார், வரைபடத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். எப்போதாவது உதவும் என்றார்.

அன்று ராத்திரி அப்பா ஜெராக்ஸை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். வங்கியில் கணக்கு உதைத்தால் விடிய விடிய உட்கார்ந்து அதைக் கண்டுபிடிப்பவர். 27 வித்தியாசம். கட்சிக்கொடி வீட்டுக்காரர், அவர் மனைவி, இரண்டு மகன்கள், நாலு. மாடி வீட்டு அக்காவின் பெயரை வட்டம் போட்டுவிட்டு அழித்தார். பிறகு பென்சில் முதல் பெயரில் போய் நின்றது.

"ஓட்டைப் பத்தி எழுதாதேன்னு அடிச்சாரே. அப்பவே நான் யோசிச்சிருக்கணும். சுவரு போகுதுல்ல."

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். என் பெயர் அறுபத்தோராவதாக இருந்தது, அப்பாவின் பெயருக்கு அடுத்தது. அதன் மேல் பென்சில் போகவே இல்லை.

மறுநாள் காலை பேப்பர் சுவருக்குப் போகவில்லை. சாயங்காலம் வாரப் பத்திரிகை வந்தது. அப்பா அதைப் பிரிக்காமல் திருப்பி வைத்தார். ஒரு வாரத்தில் அதுவும் நின்றது. சண்டை எதுவும் இல்லை. தெருவில் பார்த்தால் இரண்டு பேரும் தலையை ஆட்டுவார்கள். ஏன் என்று வாத்தியார் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். 2015இல் அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது நான்தான் கயிறு கட்டிக் கொடுத்தேன். "எழுத்தை விட்டுராதே தம்பி" என்றார். சுவர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. ரெண்டடி உள்ளே தள்ளச் சொல்லி யாரும் வரவில்லை.

*

மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நிலையான பதில் இருந்ததில்லை. 1996இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் மு.க. ஸ்டாலின் அப்படித்தான் மேயரானார். 2001இலும் நேரடி. 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடி மக்கள். 2016இல் மறுபடி கவுன்சிலர்கள் என்று சட்டத்தைத் திருத்தினார்கள், அந்தத் தேர்தலே நடக்கவில்லை. 2018இல் நேரடி என்றார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறைமுகம் என்றார்கள். இடையில் ஐந்து வருடத்துக்கும் மேல் நகரங்களில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அலுவலர்கள்தான் ஓட்டினார்கள். எங்கள் தெரு தாளில் பேர் போட்டு ஒரு மேயர் வேட்பாளரை ஆதரித்தது 2011தான் கடைசி. அதன் பிறகு எங்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் வந்தது. அதற்குள் மாநகராட்சிகள் 21 ஆகியிருந்தன, அதில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு. தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் இருந்த பையன்கள் எனக்கு எழுதினார்கள்: "அண்ணா, நீங்க பழைய ஆளு. மேயருக்கு யாரை சப்போர்ட் பண்றதுன்னு ஒரு லெட்டர் போடலாமா?" யாரை என்று போடுவது? வார்டுக்கு நிற்பவர்களில் யார் மேயர் ஆவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன்பே தலைமைக் கழகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் வந்துவிட்டது. 21 இடமும் தி.மு.க. கூட்டணிக்கு. சென்னைக்கு 28 வயதில் ஆர். பிரியா மேயரானார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண். இடஒதுக்கீடு செய்த நல்ல காரியம் அது. டிவியில் பார்த்து அம்மா கைதட்டினாள்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய சில நகராட்சி, பேரூராட்சித் தலைவர் பதவிகளுக்குத் தி.மு.க. கவுன்சிலர்களே போட்டியிட்டு ஜெயித்துவிட்டார்கள். தலைமை அவர்களை ராஜினாமா செய்யச் சொன்னது. எல்லோர் முன்னாலும் தலையாட்டிவிட்டு, மறைவில் வேறு பக்கம் குத்தியவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்தானே. யாரோ ஒருவர் எங்கேயோ சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரகசிய ஓட்டு யாருக்காக? இஸ்திரி அண்ணனுக்காக. மாடி வீட்டு அக்காவுக்காக. பேர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்கிறவர்களுக்காக. அந்த மறைப்புக்குள் நின்று அவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் தனக்குப் பிடித்ததைச் செய்யலாம். நான் அதே மறைப்புக்குள் போய், வெளியே சொன்ன சொல்லை உள்ளே விழுங்கிவிட்டு வந்தேன். எனக்கு அது தேவையே இல்லை. அப்பா பயந்தாங்கொள்ளி என்று சொன்ன ஆள், முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் அழகான எழுத்தில் ஆமாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

*

மார்ச் 4 ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, 2011ல நான் பூட்டு சாவிக்குப் போடலை."

அவருக்கு அப்போது 70 தாண்டிவிட்டது. கொஞ்ச நேரம் புரியாதவர் மாதிரிப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஏன்?"

"ஜெயிக்க மாட்டார்னு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "அப்ப மிச்சம் 26 பேர் யாரு?" என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

அப்பா கை கழுவிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பத்தரை மணி இருக்கும், உள்ளே வந்து, "வாத்தியார் பொண்ணு நம்பர் உங்கிட்ட இருக்கா?" என்றார்.

"மணி ஆயிடுச்சுப்பா. காலையில பேசலாம்."

"காலையில போட்டுக் குடு. பேப்பர் வர்ற நேரத்துக்கு."

காலையில் போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடம் பேசினார்கள். முழங்கால் வலி, சர்க்கரை, எந்தப் பேப்பர் இப்போது படிக்கும்படி இருக்கிறது, இதுதான் பேச்சு. தேர்தல் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு" என்றார்.